விதையைப் பொங்கித் தின்ற வருஷம்

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிறுக்குப் பிடித்து ஆடும் என்றார்கள். விமானம் விழும், பேங்கில் பணம் காணாமல் போகும் என்று ஒரே பயமுறுத்தல். ஒன்றும் ஆகவில்லை. பத்திரிகைகளுக்குக்கூடக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கொல்லிமலையில் மட்டும் ஒரு மண்பானை போயிற்று. அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

மலைமேல் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; சுஜிதாவுக்கு வளப்பூர் நாடு. தொண்ணூற்றேழில் தினமும் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு, அடிவாரத்தில் ஷேக் பரீத் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் ப்ரோக்ராம் எழுதப் படித்தாள். முன்பக்கம் மிளகு மண்டி, பின்பக்கம் இரண்டே கம்ப்யூட்டர். திரையில் தப்பு என்று வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு முகம் வெளுத்துவிடும். இவள் கைகொட்டிச் சிரிப்பாள்.

"தப்பு வரலைன்னா நீ எழுதவே இல்லைன்னு அர்த்தம் புள்ள," என்பார் பரீத். "வரட்டும். திருத்து, மறுபடி ஓட்டு."

அடுத்த வருஷமே மலைமேல் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. அவர்கள் நடத்தியது விதை வங்கி. ஊர்க்காரர்கள் அறுப்பு முடிந்ததும் சாமையையும் கேழ்வரகையும் பானையில் போட்டு, சாணியும் செம்மண்ணும் குழைத்து வாயை மூடி அங்கே வைப்பார்கள். விதைப்பு நாள் வரை மூடியை யாரும் தொடக் கூடாது, விதை கோபித்துக்கொள்ளுமாம். இருப்பதிலேயே பழைய பானை மட்டும் சித்திரையில் ஊர்ப் பொங்கலுக்குப் போகும். எது பழசு என்பதில் வருஷா வருஷம் அடிதடி. சுஜிதா எழுதிய ப்ரோக்ராம் அந்தச் சண்டையை நிறுத்தியது. பானைக்கு ஒரு நம்பர், அறுத்த வருஷத்துக்கு இரண்டு இலக்கம். தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது என்றுதானே மனிதர்கள் பேசுகிறார்கள்?

இரண்டாயிரம் தை மாதம் அறுப்பு முடிந்ததும், விதைச் சாமையை வங்கிக்குக் கேட்டுப் பக்கத்து ஊட்டு ஆத்தாயியிடம் போனாள். புருஷன் இல்லாத ஆத்தாயிக்கு இருந்தது ஒரு கல்லாங்காட்டுச் சரிவு. அங்கே விளைந்த சாமை காற்றுக்குச் சாயாது. வேறு யார் காட்டிலும் அது இல்லை.

"ஊட்டுலயே வெச்சுக்கறேன் கண்ணு."

"போன வருஷம் பாதிய எலி தின்னுச்சில்லீங்க அத்தை? குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"எலி பாதியாச்சும் மிச்சம் வெக்குது," என்று சிரித்தபடி மொத்தத்தையும் கொடுத்துவிட்டாள். அந்த வருஷம் வங்கிக்கு முதலில் வந்த பானை அதுதான்.

சித்திரையில் பழைய பானை எது என்று சுஜிதா கேட்டாள். இரண்டு இலக்கத்தில் இரண்டாயிரம் வெறும் பூஜ்யம்; தொண்ணூற்றெட்டைவிடச் சின்னது. ஆத்தாயி பானையின் நம்பர்தான் ஆகப் பழசு என்று கம்ப்யூட்டர் ஒரு முனகல்கூட இல்லாமல் சொன்னது. நம்பர்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதானே கம்ப்யூட்டர்? யார் பானை என்று பார்க்காமல் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பானை அடுப்படிக்குப் போயிற்று. பந்தியில் ஆத்தாயி இரண்டாம் தரம் இலையைக் காட்டினாள்.

"பழசுன்னு சொல்லவே முடியாது. என்ன மணம்!"

வைகாசியில் மழை இறங்கியதும் ஆத்தாயி கூடையோடு வந்து நின்றாள். பானை இல்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு சுஜிதா ப்ரோக்ராமைத் திறந்தாள். தப்பு உடனே தெரிந்தது.

ஆபீஸ் தலைவர் காளியண்ணன் நாமக்கல்காரர். ஜனவரி முதல் தேதி கம்ப்யூட்டர் கடிகாரம் ஒழுங்காக 2000 காட்டியதைப் பார்த்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தவர்.

"எலி மேல போட்டுரலாம் சுஜிதா," என்றார். "எலி வந்து இல்லைன்னா சொல்லப் போகுது?"

அவள் பரீத்துக்குப் போன் போட்டாள்.

"எல்லாருக்கும் வர்ற தப்புதான் புள்ள. பெரிய பெரிய கம்பெனிக்காரனே பண்ணியிருக்கான். திருத்திட்டு மறுபடி ஓட்டு."

"திருத்திட்டனுங்க பாய். ஒரு வரிதான்." என்றாள் சுஜிதா. "தப்பு எனக்கு வந்துச்சு. காடு ஆத்தாயி அத்தையோடதுங்க."

அன்றைக்கே போய்ச் சொன்னாள். கம்ப்யூட்டரையும் இழுக்கவில்லை, எலியையும் இழுக்கவில்லை. என் தப்பு, உங்க விதையைத்தான் பொங்கிட்டோம் என்றாள். ஆத்தாயி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தரம் வாங்கித் தின்னனே கண்ணு," என்றாள். "நல்லா இருக்குன்னு வேற சொன்னனே."

திட்டவில்லை, சாபம் விடவில்லை. மறுநாளிலிருந்து 'கண்ணு' போய், 'ஏனுங்க' வந்தது. எங்கள் பக்கம் மரியாதையைக் கொண்டும் கதவைச் சாத்துவார்கள்.

சுஜிதா ஞாயிறுதோறும் திருப்புலி நாட்டுப் பக்கமெல்லாம் நடந்து, கேட்டு, விதவிதமான சாமை கொண்டுவந்தாள். ஆத்தாயி ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "இது வேறீங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் அந்தச் சரிவில் மரவள்ளிக் குச்சி நட்டாள். கிழங்கு ஏற்ற லாரி வந்த அன்று சுஜிதா லீவு போட்டுவிட்டுப் போய் மூட்டை தூக்கினாள். வேண்டாம் என்று ஆத்தாயி சொல்லவில்லை.

லாரி போனதும் ஆத்தாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க," என்றாள்.