புகை தெரியாத அடுப்பு

அந்தக் கடிதம் வந்தபோது என் இரண்டு கைகளிலும் முறுக்கு மாவு ஒட்டியிருந்தது. மாநகராட்சி அலுவலகத்திலிருந்து வந்தவர், “கையைக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கம்மா, நான் நிக்கிறேன்” என்றார். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. கோபப்படுகிறவர்களிடம் ஏதாவது பேசிப் பார்க்கலாம்.

காரைக்குடியில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. அதன் பின்பக்கம் ஓடு போட்ட ஒரு அறை உண்டு. அதில் விறகடுப்பு வைத்து, நானும் என் வீட்டுக்காரரின் அக்காவும் பன்னிரண்டு வருடமாகப் பலகாரம் போட்டு விற்கிறோம். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். கல்யாணச் சீருக்கு முறுக்கும் அதிரசமும், தீபாவளிக்கு மனகோலமும் சீப்புச்சீடையும். அறையிலிருந்து வரும் புகை பக்கத்து வீடுகளுக்குள் போவதாகப் புகார் வந்திருக்கிறது, முப்பது நாளைக்குள் புகையில்லாத அடுப்புக்கு மாற வேண்டும், இல்லையென்றால் பக்கத்துக் கூரைகளுக்கு மேலே உயரும்படி புகைபோக்கி கட்ட வேண்டும், இரண்டும் செய்யாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவோம். இதுதான் கடிதத்தின் சாரம். அன்றைக்குப் போட்ட முறுக்கில் உப்பு இரண்டு மடங்கு விழுந்திருந்ததை மதினி வாயில் வைத்துப் பார்த்துத்தான் சொன்னார்.

புகார் கொடுத்தது எங்கள் பின்சுவரை ஒட்டிய வீட்டு ஆச்சி என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. செட்டியார் வீட்டுப் பெண்களை எங்கள் ஊரில் ஆச்சி என்போம்; வயதானவர் இல்லை, என் வயதுதான் இருக்கும். சென்னையிலிருந்து கணவரோடு வந்து, பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து குடியேறி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. சண்டை போடுவது என்றுதான் போனேன்.

கதவைத் திறந்த ஆச்சி என்னை உள்ளே கூட்டிப் போனார். வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டிய ஒரு அறையில் அவர் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். கட்டிலுக்குக் கீழே, கரண்டில் ஓடி ஆக்சிஜன் கொடுக்கும் ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் பார்த்த ஜன்னலின் இடுக்குகளையெல்லாம் ஈரத்துணியால் அடைத்திருந்தார்கள்.

“நுரையீரல் சுருங்கிப்போச்சு” என்றார் ஆச்சி. “நீங்க அடுப்புப் பத்தவச்ச உடனே இவுகளுக்கு நெஞ்சை அடைக்கும். எனக்கும் உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட ஆசையில்லை. ஆனா காலையில நீங்க பத்தவைக்கிற நேரம் ஆச்சுன்னாலே எனக்குப் பயம் வந்து ஈரத்துணியைத் தூக்கிக்கிட்டு ஓடுறேன். நான் என்னதான் செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.”

மூச்சு விடுவதே அவர் கணவருக்கு முழுநேர வேலையாக இருந்தது. சொல்ல வைத்திருந்த சொற்களையெல்லாம் விழுங்கிவிட்டு, “மாத்திருறோம் ஆச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கும் காலையில் தீக்குச்சியைக் கிழிக்கக் கை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வேலை பார்த்தேன்.

எல்லோரும் காஸ் அடுப்புக்கு மாறச் சொன்னார்கள். அது என்னால் முடியாது. தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பலகாரம் போடப் போனபோது, காஸ் குழாய் பிடுங்கிக்கொண்டு, தீ ஒரு ஆள் உயரத்துக்குப் பாய்ந்ததை நேரில் பார்த்தவள் நான். சமையல் மாஸ்டரின் முழங்கை வரை வெந்துபோனது. அதற்குப் பிறகு வீட்டில் காப்பி போடுவதற்குக்கூட மதினிதான் காஸைப் பற்றவைப்பார்.

புகைபோக்கி வைக்கலாம் என்றால் வீட்டுச் சொந்தக்காரரான செட்டியார் சென்னையிலிருந்து போனில், “ஓட்டுல கை வைக்கக் கூடாது, பழைய கூரை, ஒண்ணை எடுத்தா பத்து சரியும்” என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே வழி. கூரையைத் தொடாமல், காஸும் இல்லாமல், புகையும் வராத ஒரு அடுப்பு.

அடுப்பு விற்கிற ஒரு கடையில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் மதினியும் போனோம். எவர்சில்வர் டிரம் மாதிரி இருந்தது. அடியில் கரண்டில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. கடைக்காரர் சாண் அளவு விறகுத் துண்டுகளைப் போட்டு, கடைக்கு உள்ளேயே பற்றவைத்தார். நிமிடத்தில் தீ நீலமும் மஞ்சளுமாக எழும்பியது. தன் வெள்ளைக் கைக்குட்டையை அதற்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்து, எங்களிடம் விரித்துக் காட்டினார். கறை இல்லை.

“இதுக்குப் புகைபோக்கி வேணாமா?” என்று கேட்டேன்.

“புகை இருந்தால்லம்மா போக்குறதுக்கு” என்று சிரித்தார்.

மதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இவ்வளவு சுலபமாகவா என் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் முப்பது நாளில் பத்தொன்பது போய்விட்டது. வாங்கிவிட்டோம்.

அடுப்பைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் சீக்கிரம் காய்ந்தது, விறகு பாதிதான் ஆனது. முதல் நாள் பிற்பகலில் ஆச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டி, “இன்னிக்கு அடுப்பு பத்தவைக்கலையா?” என்று கேட்டார். பத்து படி மாவு போட்டு முடித்துவிட்டோம் என்றதும் அவர் கண் கலங்கியது. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பழைய அடுப்பு எங்களைச் சும்மா உட்காரவிடாது. கண் எரியும், இருமல் வரும், அரை மணிக்கொருதரம் வெளியே ஓடுவோம். கதவை மூடினால் இருக்கவே முடியாது. புது அடுப்பு துரத்தவில்லை. அதனால் நாங்களும் வெளியே போகவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். மதியம் மூன்று மணி போல மழை சாய்வாக அடித்து, பிழிந்து வைத்த சீப்புச்சீடையெல்லாம் நனைய ஆரம்பித்ததால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் பலகையையும் இழுத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. விசிறி நின்றது. தீ அடங்கி, டிரம் நிறையச் செக்கச்செவேலென்று கங்கு மட்டும் இருந்தது. “கரண்ட் வரட்டும், கங்கு கிடக்கட்டும். மறுபடி பத்தவைக்கிற வேலை மிச்சம்” என்றார் மதினி. புகை ஒரு பொட்டும் இல்லை. நாங்கள் அப்படியே உட்கார்ந்து மாவு பிசைந்தோம்.

எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் அடிக்க ஆரம்பித்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு வயிற்றைப் புரட்டியது. எண்ணெய் வாடை என்று நினைத்தேன். என் கை மாவுக்குள் இருந்தது, ஆனால் அது என் கை மாதிரியே இல்லை. அப்போதுதான் மதினி பேசவில்லை என்பது உறைத்தது. வேலை செய்யும்போது வாய் மூடாதவர் அவர்.

“மதினி.”

பதில் இல்லை. அரிசி மூட்டையில் சாய்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. உலுக்கினேன், தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், முழங்கால் மடங்கிவிட்டது. விழுந்த வேகத்தில் அடுப்பு மேல் இருந்த எண்ணெய்ச் சட்டியை இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சில்லிட்டுப்போகிறது. அப்போது அந்தப் பயம்கூட வரவில்லை. தூக்கம்தான் வந்தது. கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு அப்புறம் கதவைத் திறக்கலாம் என்று தோன்றியது. என்னை இன்று வரைக்கும் விட்டுப்போகாத பயம் அந்த நினைப்பைப் பற்றியதுதான். சாவு அவ்வளவு ஆசையாகக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியாது.

எப்படித் தவழ்ந்து போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. மழையில் ஊறிய தாழ்ப்பாள் நகரவில்லை. பக்கத்தில் கிடந்த, முறுக்குப் பிழியும் உழக்கால் தட்டினேன், தட்டினேன். கதவு திறந்தபோது வாசலுக்கு வெளியே மழையில் முகம் குப்புற விழுந்தேன். கத்தினேன். பெரிய சத்தம் என்று நினைத்தேன், ஆனால் பூனை கத்துகிற மாதிரிதான் கேட்டது என்று ஆச்சி பிறகு சொன்னார்.

அவர்தான் வந்தார். சுற்றிக்கொண்டு தெரு வழியாக ஓடி வந்து, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே போய், மதினியின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டார்.

“கங்கு வச்சுக்கிட்டா கதவைச் சாத்துனீக? அய்யோ, இங்குட்டு வாங்க, காத்துல வந்து கிடங்க” என்றவர், வந்த வேகத்தில் திரும்பி ஓடினார். மறுபடி வந்தபோது இடுப்பில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. கரண்ட் போனால் கணவருக்கு உதவும் என்று வைத்திருந்தது அது. முகமூடியை மதினியின் வாய்மேல் வைத்து முழுசாகத் திறந்துவிட்டார்.

“ஆச்சி, இப்பக் கரண்ட் இல்லையே. அய்யாவுக்கு?” என்றேன்.

“அவுகளுக்கு இன்னொண்ணு மாட்டிட்டுத்தான் வந்தேன். நீங்க பேசாம மூச்சை இழுத்து விடுங்க” என்றார். அந்த இன்னொன்று அரை மணி நேரம்தான் வரும் என்பதை அவர் அப்போது சொல்லவில்லை. அவர் போன் போட்டுக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்து நாங்கள் ஏறும்வரை அவர் கண் எங்கள் மீதும் காது தன் வீட்டுப் பக்கமும்தான் இருந்திருக்கிறது. நாங்கள் கிளம்பிப் பத்து நிமிடத்தில் கரண்ட் வந்ததாம்.

ஆஸ்பத்திரியில் மதினிக்கு நினைவு வர இரண்டு மணி நேரம் ஆனது. கண்ணைத் திறந்ததும், “என் தம்பிக்கிட்ட சொல்லிராத, அடுப்பை வெளியே தூக்கிப் போட்டுருவான்” என்றார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “கங்குக்குக் காத்து பத்தலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை இல்லைங்கிறதால விஷம் இல்லைன்னு அர்த்தமில்லைம்மா.” வீடு திரும்பியதும், அடுப்போடு வந்த காகிதத்தை வெளியூரில் இருக்கும் என் மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும் என்று அதில் இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் போகவில்லை. தலை லேசாக வலித்தால் மதினியைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வேன். அவர் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். தொழிலையே விட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோது சரி என்றுகூடச் சொல்லிவிட்டேன். மதினிதான் கேட்கவில்லை. “எனக்கு வேற என்ன தெரியும்? அடுப்பை மாத்து, என்னை மாத்தாத” என்றார்.

இந்த முறை கைக்குட்டையைப் பார்த்து ஏமாறவில்லை. கடிதம் கொடுத்த அலுவலரையே போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்து, அவரே ஒரு கொத்தனாரைக் காட்டினார். ஆச்சி செட்டியாரிடம் போனில் பேசி, கொல்லையில் கொட்டகை போட அனுமதி வாங்கித் தந்தார். மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, அதில் செங்கல் அடுப்பு, அடியில் காற்று போக இரும்புச் சல்லடை, ஆச்சி வீட்டுக் கூரையையும் தாண்டி நிற்கும் இரும்புக் குழாய். விறகைச் சிறிதாகப் பிளந்து, நன்றாகக் காய்ந்ததை மட்டும் வைக்கிறோம். பற்றவைக்கும்போது குழாய் முனையில் கொஞ்சம் வெள்ளையாக வரும், பிறகு ஒன்றும் தெரியாது. அலுவலர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். ஆச்சி ஜன்னலின் ஈரத்துணியை எடுத்துவிட்டார்.

பழைய டிரம்மைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், “பள்ளத்தூர்ல இட்லிக்கடை வச்சிருக்கிற அம்மாவும் இதே மாடலைத்தான் வாங்குனாங்க. அவங்க ஒரு குறையும் சொல்லலையே” என்றார். அவர் திருப்பிக் கொடுத்த பணத்தைக்கூட எண்ணிப் பார்க்காமல் பள்ளத்தூர் பஸ் ஏறினேன். அந்தப் பயணம் முழுக்க, போய்ச் சேரும்போது வாசலில் கூட்டம் நிற்குமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடை திறந்திருந்தது. அந்த அம்மா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அடுப்பு எங்கே என்று கேட்டேன். கடைக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத சாமான் அறையைக் காட்டினார்.

“கதவைச் சாத்துவீகளா?”

“மழைன்னா சாத்துவோம். ஏன் கேக்குறீக? இதுலதான் புகையே வரலையே அக்கா” என்றார்.

“தலைவலி வருதா?”

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “தினம் வருது. கண்ணாடி போடணும்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

நான் அவர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் எழுந்துபோய்க் கங்கில் தண்ணீர் விட்டு அணைத்தார். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானுமாக அடுப்பைத் தெருவோர வேப்பமரத்தடிக்குத் தூக்கி வந்தோம்.