நோகும் என்று சொன்ன பூசாரியார்

மல்லாவியில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக் நடந்துகொண்டிருந்த காலையில்தான் அந்தச் செய்தி வந்தது. ஒரு பெண்ணின் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பூசாரி இராமையாவின் மகன் சசி பேசினான். "மிசி, அப்பா மோசம் போயிட்டார்" என்றான். விடிய மாட்டை அவிழ்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். ஓட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, வெளியே போய் நின்று அழுதேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் கல்வெட்டில், அந்த நினைவு மலரில், நானும் ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார்கள். இந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர், பழைய பேச்சில் மருத்துவிச்சி, நான். ஊருக்கு மிசி. பூசாரியாரோடு அதிகம் சண்டை பிடித்தவர்களைத் தேடினால் முதல் ஆளாக நான்தான் அகப்படுவேன். ஆகவே அவரைப் பற்றிப் புகழ்மாலை மட்டும் எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அங்கே தேவாரம் இருக்கும்.

அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோடு சின்ன வயதில் வன்னிக்கு வந்தார். வரும்போது தகப்பன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு பிடி மண்ணை எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டு வந்தாராம். அந்த மண்ணில்தான் எங்கள் ஊர் அம்மாள் இருக்கிறா. பூசாரியாருடைய பேச்சு எங்கள் பேச்சாகவே மாறிவிட்டிருந்தது. கோபம் வந்தால் மட்டும் மலைநாட்டுத் தமிழ் வெளியே வரும். அதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

எங்கள் முதற்சண்டை அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்த வீடொன்றின் படலையில் நடந்தது. கொப்புளிப்பான் கண்டால் அந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டி, வெளியாள் உள்ளே போகாமல் மறிப்பது அவருடைய வேலை. அந்த வீட்டில் ஆறாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். நான் உள்ளே போகவேண்டும் என்றேன். அம்மாள் வந்த வீட்டுக்குள் ஊசி வரக்கூடாது என்றார் அவர். வெயிலில் நின்று இரண்டு பேரும் தொண்டை காயுமட்டும் கதைத்தோம். கடைசியில் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். விட்டுக்கொடுத்தேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் கால் கழுவுவதும் அவர் வழி விடுவதும் எங்களுக்குள் ஒரு உடன்படிக்கை ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பூசையில் அவருக்குக் கலை வரும். கையில் வேப்பிலையோடு ஆடி, அம்மாளின் வாக்கைச் சொல்லுவார். இறுதிப் போரில் ஒருவரையும் இழக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. போனவர்கள் எங்கே, எப்படி என்று கேட்டு அந்தக் கோயில் மண்ணில் விழுந்து அழுதவர்கள் பலர். பூசாரியாரின் மூத்த மகளும் அந்த ஓட்டத்தில்தான் போனாள். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அழுதுகொண்டு போனவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிறகு கொரோனா வந்தது. ஒழுங்கை முடிவில் இருந்த பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்துவிட்டார், முகம் பார்க்கக்கூட வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. அதன் பின்னர்தான் தடுப்பூசி வந்தது. முதலில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பாடசாலை மண்டபத்தில் கதிரைகளை இடைவெளி விட்டு அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மத்தியானம் வரை கதிரைகள்தான் இருந்தன. ஊசி போட்டால் இரண்டு வருடத்தில் ஆள் முடிந்துவிடும் என்று வெளிநாட்டிலிருந்து யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம். போர் முடிவில் பெயர் பதிந்து வரிசையில் நின்றவர்கள் திரும்பாததைக் கண்ட சனம் எங்களுடையது. அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை.

எனக்குப் பெரிய பயம் பாக்கியம் அக்காவைப் பற்றி. பூசாரியாரின் மனைவி. பல வருடமாக இழுப்புக்காரி. பனிக்காலத்தில் குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்கே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவா. அந்த வருத்தம் அவவுக்கு வந்தால் தப்புவா என்று என்னால் நினைக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாள் சொல்லட்டும் பிள்ளை, உடனை வந்து போடுறன்" என்றா.

அது போதுமே என்று எனக்குச் சந்தோஷம். எங்கள் சுகாதாரப் பரிசோதகரையும் கூட்டிக்கொண்டு பூசாரியாரிடம் போனேன். வாற வெள்ளிக்கிழமை கலை வரும்போது, ஊசி போடச் சொல்லி அம்மாள் வாயால் ஒரு வாக்கு வரட்டும் என்று கேட்டோம். ஊரும் பிழைக்கும், அக்காவும் பிழைப்பா. பழம் நழுவிப் பாலில் விழுகிற மாதிரி அல்லவா காரியம்!

"என்னைய என்னான்னு நெனச்சிக்கிட்டீங்க?" என்று எழும்பினார். மலைநாட்டுத் தமிழ் வந்துவிட்டது. பரிசோதகர் பின்வாங்கி நின்றார். கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்துவிட்டு வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "மிசி, அம்மாள் எனக்கு ஊசியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்கு நான் பொய்க்கு ஆடினன் எண்டால், முன்னம் ஆடினதும் பொய்யெண்டு போயிடும்."

உங்கள் மனைவியின் உயிரை விடவா என்று கேட்டேன். பிடிவாதக்காரக் கிழவன் என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு சைக்கிளை உழக்கினேன். நல்ல காரியத்துக்கு ஒரு சின்னப் பொய் பிழையில்லை என்ற என் எண்ணம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஊசி நாளில் அவர் தானாக வந்தார். கோயில் வேட்டியும் திருநீறும். வாக்குத்தான் இல்லை, ஆள் வந்துவிட்டார். வேலிக்கு வெளியே ஊர் கூடி நின்று பார்த்தது. வருடாவருடம் தீ மிதிக்கிற மனிதர் கதிரையில் இருந்து நடுங்கினார். வாழ்நாளில் ஊசி போட்டதில்லையாம். அருகில் வந்த தாதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, நோகுமோ என்று கேட்டார். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் சொல்லிப் பழகியதையே அவருக்கும் சொன்னேன்: "இல்லை பூசாரியார், எறும்பு கடிச்ச மாதிரித்தான்."

ஊசி இறங்கியது. அவர் எழும்பி, வேலிப் பக்கம் திரும்பி, கோயிலில் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "மிசி பொய் சொல்லுறா. நோகுது."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. வேலிக்கு வெளியே ஒரே சிரிப்பு.

அன்றிரவே அவருக்குக் காய்ச்சல். இப்படிச் சிலருக்கு வரும், இரண்டொரு நாளில் போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. காய்ச்சல் விடுமட்டும் வீட்டுக்குள் இருங்கோ, சனம் கண்டால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்று பரிசோதகர் கெஞ்சினார். பூசாரியார் கேட்கவில்லை. கோயில் வாசல் வேம்பின் கீழே கதிரையைப் போட்டு, போர்வையால் போர்த்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரிய இருந்தார். பார்க்க வந்தவர்கள் தள்ளி நின்று கேட்டார்கள். ஓம், காயுது என்றார். ஓம், கை தூக்க ஏலாமல் கிடக்குது என்றார். பயமில்லையோ என்று ஒருவர் கேட்டதற்கு, "பயமாத்தான் கிடக்கு. முகம் பாக்காமல் கொண்டுபோய் எரிக்கிறது அதைவிடப் பயம்" என்றார். பாக்கியம் அக்கா கொத்தமல்லித் தண்ணீரோடு பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தா.

காய்ச்சல் விட்டது. வழக்கம்போல மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஒழுங்கையால் போனார். அதையும் ஊர் பார்த்தது. அதற்கடுத்த ஊசி நாளில் மண்டபம் திறக்க முதலே பாக்கியம் அக்கா வந்து நின்றா, பின்னால் ஒரு வரிசை. எல்லாரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். பூசாரியாரின் சொந்த மச்சானே கடைசிவரை வரவில்லை. அக்காவுக்கு அந்த வருத்தம் பிறகு வரத்தான் செய்தது. ஊசி போட்டாலும் வரலாம், கடுமை குறையும் என்று நான் முதலே சொல்லியிருந்தேன். சில நாள் சிகிச்சை நிலையத்தில் இருந்துவிட்டுத் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தா.

பூசாரியார் போய் எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த பின் அக்காவைப் பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமை வாக்குக்காக நான் கேட்டுப் போன கதையை அவ தானாகவே எடுத்தா.

"எனக்கு அப்ப அவரிலை சரியான கோபம், பிள்ளை. ஒரு சொல்லுத்தானே, அம்மாள் சொன்னதெண்டு சொன்னால் என்ன எண்டு நினைச்சன். உனக்குத் தெரியாது, முந்தி ஒருநாள் கலை வந்து நிண்டு, 'உன்ரை பிள்ளை என்ரை மடியிலை கிடக்குது, நோவில்லாமல் கிடக்குது' எண்டு எனக்குச் சொன்னவர். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் இருக்கிறன். அவர் ஊசிக்காக அம்மாளைக் கூப்பிட்டிருந்தால், அதுவும் எனக்காகச் சொன்ன கதையெண்டு நினைச்சிருப்பன்."

மகளுடைய படத்துக்குப் பக்கத்தில் இப்போது அவருடைய படமும் இருந்தது. அன்று முற்றத்தில் அவர் மேலும் கீழும் நடந்தது என்னத்துக்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனைவியின் மூச்சும் வேண்டும், அவ பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு சொல்லும் வேண்டும். இரண்டில் ஒன்றையும் விட மனமில்லாத மனிதர், இடையில் தன் கையை நீட்டிக் கொடுத்தார்.

அம்மாளிடத்தில் எனக்கு இப்போதும் அவ்வளவு பழக்கமில்லை. பூசாரியாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறொன்று. கிளினிக்கில் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு தாய்மார் நோகுமோ மிசி என்று கேட்கிறார்கள். எறும்புக் கதையை நான் விட்டுவிட்டேன். "ஓம், நோகும். இரவைக்குக் காய்ச்சலும் வரலாம். நாளைக்கு நான் வந்து பாக்கிறன்" என்கிறேன். அப்படிச் சொன்னதற்காக இதுவரை ஒரு தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகவில்லை, பூசாரியார்.