திங்கட்கிழமை மீன் வாங்கிய கோமதி

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கோமதியின் கணவர், அண்ணாச்சி. "வசந்தா, கோமதி போயிட்டா" என்றார். பிறகு அவரே, "நீங்க காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "அப்ப சரி. மெதுவா ட்ரைவ் பண்ணி வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். முந்தின நாள் மாலை தலை வலிக்கிறது என்று சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவள், மறுநாள் விடிவதற்குள் மருத்துவமனையில் இறந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஐம்பத்தொரு வயது.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் கோமதியைத் தமிழ்ச் சங்கத்தின் கோடைப் பிக்னிக்கில் பார்த்திருப்பீர்கள். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்முக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்பவர்களுக்கும் மோர் ஊற்றிக் கொடுப்பாள். ஒரு வருடம் அந்த டிரம் வரவில்லை. ஓட்டையாகிவிட்டது என்று செயற்குழுவிடம் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பழையது ஓட்டையாகவில்லை. அவளுடைய கராஜில் இருந்தது. அதில் மீன் இருந்தது.

கோமதியும் நானும் நியூ ஜெர்சியில் ஒரே மருந்து நிறுவனத்தில் அடுத்தடுத்த மேசைகளில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தோம். அவளுக்குப் பாளையங்கோட்டை. சுத்த சைவக் குடும்பம். கேன்டீனில் மீன் பொரிக்கும் நாளில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுடைய கணவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றோம். தொண்ணூற்றிரண்டின் கடைசியில் அவர் வேலை பார்த்த பெரிய நிறுவனம் ஒரே நாளில் ஒரு தளத்தையே காலி செய்தது. அண்ணாச்சி ஒரு அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். முதல் மாதம் விண்ணப்பங்கள் அனுப்பினார். அடுத்த மாதம் அனுப்பவில்லை. மார்ச்சில் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு அதே சோபாவில் படுத்தார். கார் ஓட்டுவதை விட்டார். சவரம் செய்வதை விட்டார். "வையவும் மாட்டேங்காரு வசந்தா. வஞ்சாலாவது வீட்டுல ஆள் இருக்குன்னு தெரியும்" என்றாள் கோமதி ஒரு நாள், குடுவையைக் கழுவிக்கொண்டே.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டில் இருந்த ஃப்ராங்க் என்ற முதியவர் அவரை வலுக்கட்டாயமாக ஏரிக்கு அழைத்துப் போனார். ஃப்ராங்க் மஸ்கி பிடிப்பவர். மஸ்கி என்பது ஆளின் இடுப்பளவு வளரும் வேட்டை மீன். முதலை மாதிரி வாய். எங்கள் ஏரிகளில் அரசுப் பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்டவைதான் இருக்கின்றன. நாள் கணக்கில் தூண்டில் போட்டாலும் மாட்டாது என்பதே அதன் பெருமை. அன்று ஒரு மஸ்கி படகு வரைக்கும் தொடர்ந்து வந்து, அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பல மாதங்களில் அவர் தொடர்ந்து பேசிய ஒரு மணி நேரம் அதுதான். செப்டம்பரில் ஃப்ராங்க் மகளோடு இருக்க ஃப்ளோரிடாவுக்குப் போனபோது, தன் சின்ன அலுமினியப் படகையும் தூண்டில்களையும் கோமதியிடம் விட்டுப் போனார். அவள் கேட்டு வாங்கினாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இலையுதிர் காலத்தில் மஸ்கிக்கு உயிர் மீனைத்தான் இரையாகப் போட வேண்டும். சக்கர் என்று ஒரு மீன். கெண்டை மாதிரி உடம்பு, கீழே பார்த்த தடித்த உதடு, ஒரு அடி நீளம். விலை அதிகம். வீட்டில் ஒரு சம்பளம்தான். கோமதி ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தாள். வார இறுதிக்கு வரவழைத்து விற்காமல் மிஞ்சியவற்றை இரைமீன் கடைக்காரர் திங்கட்கிழமை பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். மதிய இடைவேளையில் நானும் ஒருமுறை கூடப் போனேன். கோமதி ஆய்வுக்கூடக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மீனாக வலையில் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். கண் மங்கினது வேண்டாம், வாலில் வெள்ளை பூத்தது வேண்டாம், பக்கவாட்டில் சாய்ந்து நீந்துவது வேண்டவே வேண்டாம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மீன். தக்காளி இல்லை" என்றார். "தக்காளியா இருந்தா இவ்வளவு நேரம் ஆகாது" என்று ஆங்கிலத்தில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம், "ஏட்டி, அந்த ஓரத்துல பதுங்குது பாரு, அதான் நல்ல மீன். இந்தாளு அத ஒளிச்சு வைக்கான்" என்றாள். வாந்தி வருகிறது என்று திரும்பும் வழியெல்லாம் கார்க் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை வாங்கியதைச் சனிக்கிழமை வரை காப்பாற்ற வேண்டுமே. அதற்குத்தான் மோர் டிரம். வட்டமாக இருப்பதால் மூலையில் முட்டி மூக்கு உடையாது என்று கண்டுபிடித்தவள் அவள். குழாய்த் தண்ணீரை வாளிகளில் இரண்டு நாள் திறந்து வைத்து குளோரினைப் போக்குவாள். யாரோ தெருவில் போட்ட மீன்தொட்டியிலிருந்து காற்று ஊதும் மோட்டாரை எடுத்து வந்தாள். பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, வெயில் நாட்களில் டிரம்முக்குள் மிதக்கவிடுவாள். தீனி கிடையாது; தீனி போட்டால் தண்ணீர் கெடும். நான் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புவதில்லை. குளோரின் தாளும் வெப்பமானியும் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, "இந்தக் குளிருக்கு இதெல்லாம் மூணு வாரம்கூட உயிரோட இருக்கும். எதுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்கிட்ட போய், நாளைக்குப் போகலைன்னா செத்துரும்னு சொல்றே?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு. காதுல விழுந்திரும்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணாச்சியால் எதையும் வீணாக்க முடியாது. உறைக்குள் மிஞ்சிய கடைசி பிரெட் துண்டைக்கூடச் சாப்பிட்டுவிடும் மனிதர். வேலைக்காக எழும்பாதவர், மாத்திரைக்காக எழும்பாதவர், காசு கொடுத்து வாங்கிய மீன் வீணாகிவிடும் என்றால் எழும்பினார். சனிக்கிழமை தோறும் கோமதி கார் ஓட்ட, பின்னால் படகு வர, இருவரும் ஏரிக்குப் போனார்கள். எனக்கு இது முழுவதும் ஒப்பவில்லை. "சைவக்காரி நீ. ஒரு வாரம் பிள்ளை மாதிரி வளர்த்துட்டு, சனிக்கிழமை தூண்டில்ல மாட்டுறது பாவம் இல்லையா?" என்றேன். அவள் கோபப்படவில்லை. "பாவம்தான். அத நான் பாத்துக்கிடுதேன். நீ குளோரினப் பாரு" என்றாள்.

அக்டோபரில், டெக்சஸின் கேட்டி நகரில் இருக்கும் தங்கைக்குப் பிரசவம் என்று கோமதி செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். வெள்ளிக்கிழமை மாலை திரும்பிவிடுவாள். அதற்கு முந்தின சனிக்கிழமை அண்ணாச்சி பத்து மணிக்குத்தான் எழுந்திருந்தார். ஏரிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார். அது அவளை அரித்துக்கொண்டிருந்தது. "மீனையும் பாத்துக்கோ, அவரையும் பாத்துக்கோ" என்றாள். "மீனப் பத்திக் கவலையில்ல. அது சொன்னாக் கேக்கும்."

வியாழக்கிழமை மாலை டிரம்மைப் பார்க்கப் போனேன். ஆறு மீன்களும் வாயைத் திறந்து திறந்து மூடின. சரஸ்வதி பூஜையில் வைத்து கோமதி எனக்குக் கொடுத்த பொரிப் பொட்டலம் காரிலேயே கிடந்தது. எங்கள் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தில் பொரி போட்டால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். அந்த நினைவில் ஒரு கை போட்டேன். அவை திரும்பிப் பார்க்கவில்லை. கூச்சப்படுகின்றன என்று நினைத்தோ என்னவோ, இன்னும் இரண்டு கை போட்டேன். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பற்றி ஆய்வேடு எழுதியவள் நான். வெள்ளிக்கிழமை மாலை போனபோது பொரி ஊறிக் கூழாகி, மோட்டாரின் குழாயை அடைத்திருந்தது. தண்ணீர் கஞ்சி நிறத்தில் இருந்தது. ஆறும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

டாக்ஸியில் வந்து இறங்கிய கோமதி பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்னத்தப் போட்ட?"

"பொரி."

"பொரியா? கடலையும் வெல்லமும் எங்க? அதையும் போட்டுத் தேங்காயையும் உடைச்சிருக்கலாம்லா?" என்றாள். பிறகு, "நான் கொடுத்தத நீ வாயிலயே வைக்கலன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கராஜின் படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பதினாறு ஆண்டுகளில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "நாளைக்கு எதச் சொல்லி எழுப்புவேன் வசந்தா? இந்த வாரம் எழும்பலன்னா அப்புறம் அவரு எழும்பவே மாட்டாரு."

வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவு திறந்தது. அண்ணாச்சி லுங்கியோடு, வெறுங்காலோடு நின்றார். "என்ன, ஆளாளுக்கு இப்படி இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்து, டிரம்முக்குள் கையை விட்டு, விரல்களைத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"யாரு பொரி போட்டது?"

"நான்தான்" என்றேன்.

"டாக்டரேட்டு வாங்கினவங்களா?" என்றார். அவர் குரலில் கேலியைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளில் வைத்துச் சுற்றினார். கையைக் கழுவினார். "கடை ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். சாவி எங்க?"

"நான் ஓட்டுதேன்" என்று கோமதி எழுந்தாள்.

"நீ பிளேன்ல வந்திருக்க. உக்காரு."

கார் மெதுவாகப் பின்வாங்கி, ஒருமுறை நின்று, பிறகு தெருவில் திரும்பிப் போனது. கோமதி வாசலில் நின்று அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லுங்கியோட போறாரு வசந்தா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அண்ணாச்சி இரண்டு மீன்களோடு வந்தார். கோமதி வாளிக்குள் பார்த்ததும், "முழு விலையா கொடுத்தீங்க? ரெண்டுக்கும் செதில் போயிருக்கு. கண்ணத் திறந்து பாத்து வாங்க மாட்டீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். "கடையில அவ்வளவுதான் இருந்துச்சு" என்று அவர் திருப்பிக் கத்தினார். அவர்கள் சண்டை போடட்டும் என்று நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அடுத்த வசந்தத்தில் அண்ணாச்சிக்கு ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமைப் பயணம் நிற்கவில்லை. மஸ்கி மாட்டியதா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இத்தனை ஆண்டுகளில் இரண்டு. இரண்டையும் திரும்ப விட்டுவிட்டார்கள். இரண்டு முறையும் கோமதி கண்ணை மூடிக்கொண்டாளாம்.

காரியம் முடிந்து உறவினர்கள் டெக்சஸுக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். அதே சோபாவில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அவரேதான் பேச்சை ஆரம்பித்தார். "சக்கர் மீனு குளிர்ல அவ்வளவு சீக்கிரம் சாவாது, தெரியுமா உங்களுக்கு? ஃப்ராங்க் முதல் நாளே சொன்னாரு. மூணு வாரம் கிடக்கும்னு."

நான் அவரையே பார்த்தேன். "அப்ப வெள்ளிக்கிழமை தோறும் அவ சொன்னது...?"

"பொய்யின்னு தெரியும். சொன்னா வாங்குறத விட்டுருவா. அவளுக்கு மீன் நாத்தம் எவ்வளவு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கையுறையப் போட்டுக்கிட்டு வாளியோட வந்து நிப்பா. எப்படிப் படுத்துக் கிடக்க முடியும்?"

எனக்கு மனிதர்களைத் தேற்றும் வித்தை தெரியாது. பாவ புண்ணியத்திலும் பெரிய நம்பிக்கையில்லை. கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: துவண்டு கிடப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காமல், குறிப்பிட்ட ஒரு நாளில், அவர் இல்லாமல் நடக்காத ஒரு வேலையைக் கேட்பது. அன்று கிளம்பும்போது அண்ணாச்சி கார் வரை வந்தார். "இந்த வியாழக்கிழமை காரை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோகணும், அண்ணாச்சி. பிரேக்குல ஏதோ சத்தம் வருது. தனியாப் போனா அவங்க என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடுவேன். நீங்க கூட வர முடியுமா?" என்று கேட்டேன். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அடுத்த சோதனைக்கு இன்னும் நான்கு மாதம் தவணை இருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். நிதானமாக, மாதத்தையும் வருடத்தையும் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எத்தன மணிக்கு ரெடியா இருக்கணும்?" என்றார்.