கிராஃப் ஏறுகிறது, கார் ஏறவில்லை

இன்று என் சின்னக் காரின் இன்ஜினுக்கு இழுவை கூட்டச் சொல்லி ஓசூரில் ஒரு டியூனிங் கடைக்குப் போனேன்.

போன வாரம் நான் விற்கும் சொட்டுநீர்ப் பாசனச் சாமான்களோடு நாட்றாம்பாளையம் மலை ஏறும்போது, ஒரு வளைவில் வண்டி நின்று பின்னால் உருண்டது. போட்டிக் கடைக்காரர் தன் மினி வேனில் கையாட்டியபடி தாண்டிப் போனார். எனக்கு வர வேண்டிய ஆர்டரும் அவரோடு போயிற்று.

டியூனிங் கடைத் தம்பி லேப்டாப்பைத் திறந்தார். "எல்லாரும் பெங்களூர் ரோட்ல பறக்கணும்னு வராங்க. மெதுவா போறதுக்குக் காசு குடுக்க வந்தது நீங்க ஒருத்தர்தாண்ணா."

"பறக்க வேணாம் தம்பி. சரக்கோட செகண்ட் கியர்ல ஏறுனா போதும்."

"சாஃப்ட்வேர் மாத்திட்டா ஏறிடும்ணா. இந்த கிராஃபப் பாருங்க, எப்படி ஏறுது!"

கிராஃப் அருமையாகத்தான் ஏறியது. அதன்மேல் சரக்கு எதுவும் இல்லை.

"குந்தாரப்பள்ளி சந்தையில படத்தக் காட்டுனா மாடு வாங்குவாங்களா? வண்டியில பூட்டி, பாரம் இழுக்க வெச்சுப் பாத்துட்டுத்தானே கயித்தப் புடிப்பாங்க?"

"இது இன்ஜின்ணா, மாடு இல்ல!"

"மாடா இருந்தா உன்கிட்ட ஏன் வரேன்?"

கடைசியில் பேசி முடித்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை முழுச் சரக்கோடு அதே வளைவுக்குப் போகிறோம். செகண்ட் கியரில் ஏறினால் அவர் கேட்ட பணம், பேரமே இல்லை. நின்றால் அவர் இறங்கித் தள்ள வேண்டும், பணமும் கிடையாது.

தம்பி உடனே ஒத்துக்கொண்டார். அவர் பங்குக்கு ஒரே நிபந்தனை: "அன்னைக்கு வண்டிய நான்தான் ஓட்டுவேன்ணா."

அவர் சந்தேகப்படுவது இன்ஜினையா, என்னையா? நீங்களே சொல்லுங்கள்.