நத்தை வாளி

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நான் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. போவதில்லை என்பதைவிட, போக விடுவதில்லை என்பதுதான் சரி. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. இடது கை மட்டும் தெம்பாக இருக்கிறது. அதில் ஒரு சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, நான் கண்ணில் படாத நேரமெல்லாம் இரும்புக் கட்டிலின் சட்டத்தில் அடித்துக்கொண்டே இருப்பார். குளிக்கப் போனால் அடி. கொல்லையில் துணி உலர்த்தப் போனால் அடி. நான் வந்து எதிரில் நின்றால்தான் டம்ளர் ஓயும். அவருக்கு மிஞ்சியவை மூன்றே வார்த்தைகள்: வா, தண்ணி, பூ. முதல் வார்த்தைதான் நாள் முழுக்க.

பயம்தான், எனக்குத் தெரியாதா? நான் கடைக்குப் போயிருந்தபோதுதான் விழுந்தார். திரும்பி வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். அதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் பாவம் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷி எத்தனை மாதம் நான்கு சுவருக்குள் இருப்பது? அந்த டம்ளரைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று தோன்றிய நாட்கள் உண்டு. கிணறு வீட்டில் இல்லை என்பதால் டம்ளர் தப்பித்தது.

அவர் உட்கார்ந்து நெய்த தறியில் இப்போது நான் உட்கார்கிறேன். கட்டிலைத் தறிக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டாயிற்று. கால்கள் இரண்டும் தறிக்குழிக்குள், அவர் கண் என் முதுகில். வேலை ஓடினால் அதுகூடத் தெரியாது. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் அதுவும் போனது. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஈரத்தில் தொய்ந்துவிட்டது. தறியும் நின்ற வீட்டில் அவர் முகத்தை நான் பார்க்க, என் முகத்தை அவர் பார்க்க உட்கார்ந்திருந்தோம்.

அந்த மழையில்தான் நத்தைகள் வந்தன. ஓடு இல்லாத நத்தைகள், கரும்பழுப்பாக, விரல் நீளத்துக்கு. கொல்லையில் அவர் வைத்த பூச்செடிகள் இருந்தன. பெயின்ட் வாளிகளில் சாமந்தி, மதிலோரம் டிசம்பர் பூ, கொஞ்சம் கனகாம்பரம். செவ்வாய்க்கிழமை தோறும் தெருக்கோடி முருகனுக்கு எங்கள் கொல்லைப் பூவில்தான் ஒரு சரம் போகும். அவர் படுத்த பிறகும் அது நிற்கவில்லை. நான் கட்டுவேன், எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் தங்கச்சி கொண்டுபோய்க் கொடுப்பாள். சரத்தைக் கொண்டுபோகுமுன் அவரிடம் காட்ட வேண்டும். இடது கையால் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆள் இன்னும் ஏதோ செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம்.

ஒரு காலையில் பார்த்தால் சாமந்தி மொட்டுகளைப் பாதி பாதியாகத் தின்றுவிட்டு, பளபளவென்று கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தன. அந்த வாரம் சரம் ஒரு சாண்கூடத் தேறவில்லை. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று டம்ளர்ச் சத்தம் இல்லை. இருந்தால் எரிச்சல், இல்லாவிட்டால் நானே போய்ப் போய் எட்டிப் பார்க்கிறேன். என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

பூச்சிமருந்துக் கடையில் குருணை மருந்து கிடைக்கும், தூவினால் ஒரே ராத்திரியில் எல்லாம் செத்துக் கிடக்கும் என்றார்கள். எதிர்வீட்டுக் கோழி குஞ்சுகளோடு எங்கள் கொல்லையில்தான் மேயும். அதைவிட, கோயிலில் கொடுத்த பூவை அர்ச்சகர் மறுநாள் எடுத்து வருகிறவர்களுக்குக் கொடுப்பார், அவர்கள் பிள்ளைகளின் தலையில் வைப்பார்கள். நான் மருந்து என்று வாயெடுத்ததுமே அவர் டம்ளரால் ஓங்கி ஒரு அடி அடித்தார். சரி, வேண்டாம்.

உப்பு தூவினேன். நத்தை நுரை தள்ளிச் சுருண்டதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்பு மழையில் கரைந்து வேருக்குப் போய், ஒரு சாமந்திச் செடியும் கருகியது. சாம்பல் கொட்டினேன். ஒரு மழைக்குக் கூழாகிவிட்டது. அப்புறம் என் தம்பி போனில் சொன்னான்.

"யக்கா, செம்பு இருக்குது பாரு, அது மேல நத்தை ஏறாதாம். தொட்டியைச் சுத்தி செம்புத் தகடு கட்டிடு."

செம்புத் தகட்டுக்கு எங்கே போவது? நெசவுக்காரி புத்தி எங்கே போகும்? சரிகையில் செம்பு இருக்கிறதே என்று பட்டது. தறியில் அறுந்த சரிகைத் துண்டுகளைப் பழைய சரிகை வாங்க வருகிறவருக்குப் போடலாம் என்று ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் முறுக்கி ஒவ்வொரு வாளிக்கும் இடுப்பு ஒட்டியாணம் மாதிரி கட்டிவிட்டேன். பெயின்ட் வாளிகளெல்லாம் முகூர்த்தத்துக்குக் கிளம்பியவை போல நின்றன.

மறுநாள் விடிந்ததும் ஒரு நத்தை அந்தச் சரிகை மேலேயே சாவகாசமாகப் படுத்திருந்தது. எதிர்வீட்டுத் தங்கச்சி எட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, நத்தைக்குக் கல்யாணமா? பார்டர்லாம் போட்டுக் குடுத்துக்கீற!"

அந்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "பாருங்க, ஒசத்தி சரிகை. அதான் மெத்தைன்னு நெனைச்சுக்கினு தூங்குது" என்றேன். பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது, தோள் குலுங்கியது. நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் வழி கோணியில் இருந்தது. நனைந்த கோணி ஒன்று மதிலோரம் கிடந்தது. எடுத்து உதறினால் அடியில் கொத்துக் கொத்தாக நத்தைகள். பகலில் அவற்றுக்கு இருட்டும் ஈரமும் வேண்டும், அவ்வளவுதான். அதிலிருந்து பொழுது சாய்ந்ததும் செடிகளுக்கு நடுவே ஈரக் கோணியை விரித்து, அடியில் சுரைக்காய்த் தோல், வெள்ளரித் தோல் போட்டு வைப்பேன். காலையில் கோணியைப் புரட்டி, இடுக்கியால் பொறுக்கி, மூடி போட்ட வாளியில் போடுவேன். கொல்ல மனசு வரவில்லை. பக்கத்தில் கொட்டினால் திரும்பி வந்துவிடும். தள்ளித்தான் கொட்ட வேண்டும்.

எங்கள் தெரு முடிந்து, சாலையைத் தாண்டினால் வேகவதி ஆற்றங்கரை. சீமைக்கருவேல முள்ளும் குப்பையுமாக இருக்கும், நத்தைக்கு அது போதும். முதல் நாள் நான் வாளியோடு போய் நின்றபோது அவர் டம்ளரைத் தூக்கினார். மூடியைத் திறந்து உள்ளே காட்டினேன். எட்டிப் பார்த்தார். டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். அவருடைய பூவுக்காக என்றால் நான் போகலாம். எதிர்வீட்டுத் தங்கச்சி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பிளவுசுக்குக் கொக்கி தைப்பாள், நான் திரும்பும்வரை.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு செருப்புப் போட்டு நடந்தேன். டீக்கடையில் பால் பொங்குகிற வாசனை, சைக்கிளில் பாவு சுற்றி எடுத்துப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒருவருக்கும் நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. நத்தைகளைக் கொட்டிவிட்டு, கரையில் ஒரு கல்லின் மேல் சும்மா உட்கார்ந்தேன். அழுக்குத் தண்ணீர்தான், ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நான் நத்தைக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். மழை விட்டால் கோணியில் கூடுதலாகத் தண்ணீர் தெளித்தேன். வெள்ளரித் தோலைக் கனமாகச் சீவினேன். பூவைத் தின்கிற பூச்சிக்கு விருந்து வைத்துக் கூப்பிடுகிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். நாள் தவறாமல் வாளியைத் திறந்து காட்டுவேன், அவர் பார்ப்பார், நான் போவேன். அவர் வாயால் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதுதான் உத்தரவு.

மார்கழி பாதியில் மழை ஓய்ந்தது. சாமந்தி அடித்துப் பிடித்துப் பூத்தது, சரம் முழம் முழமாக நீண்டது. முருகனுக்குச் சந்தோஷம், அவருக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒவ்வொரு காலையும் திக்கென்றிருந்தது. கோணிக்கு அடியில் ஐந்தாறு, அப்புறம் ஒன்றிரண்டு. தை பிறந்தது. தறிக்குழி காய்ந்தது, பாவு விறைத்தது. ஒரு காலையில் கோணியைப் புரட்டினால் காய்ந்த தோல் மட்டும் கிடந்தது.

கொல்லையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வாளியில் நாலு ஈர இலையைப் போட்டு மூடிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். டம்ளர் அடிக்க ஆரம்பித்தது. சீ, இவரிடமா திருட்டுத்தனம் என்று இலையை வீசிவிட்டு, வெறும் வாளியோடு உள்ளே போனேன். எதிர்வீட்டுத் தங்கச்சி வழக்கம்போல வந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் நீ வர வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, திற என்று விரலால் காட்டினார். திறந்தேன். எட்டிப் பார்த்தார். வாளியின் அடி வரைக்கும் தெரிந்திருக்கும், ஜன்னல் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

வாய் கோணிக்கொண்டு நடுங்கியது. ஏதோ ஒரு சொல்லை இழுத்து இழுத்துப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நான் செம்பை எடுக்கத் திரும்பினேன்.

"நெ...றைய" என்றார். "நெறைய இருக்குது. போ."

எதிர்வீட்டுத் தங்கச்சி வாளிக்குள் பார்த்தாள், அப்புறம் தலையைக் குனிந்து தைக்க ஆரம்பித்தாள். நான் மூடியைப் போட்டேன். வாசலில் செருப்பு காலில் நுழையவில்லை, கண் மறைத்தது. வேகவதிக் கரை வரை நடந்து போய், அந்த வெறும் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாகத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.