எங்கள் ஊரில் தாரா மட்டும்தான்

இன்று காலை பெரியமடுத் தேநீர்க்கடைக்கு உயிரினக் கணக்கெடுப்புக்காக ஒருவர் இரண்டு படங்களோடு வந்தார். ஒன்று அழியும் நிலையில் உள்ள தேரை. மற்றது எங்கள் குளத்தில் எப்போதும் நீந்தும் தாரா வாத்து.

"இதில எதைக் கண்டிருக்கிறியள்?"

கடை நடத்தும் ரஹீமா ராத்தா திருப்பிக் கேட்டார். "தேரையைக் கண்டா என்ன செய்வீங்க?"

"அந்த இடத்தைப் பாதுகாப்பம்."

போன தடவை காட்டைப் பாதுகாக்க வந்தவர்கள் ராத்தாவின் வயலுக்குள்தான் எல்லைக்கல் நட்டார்கள்.

"தாரா மட்டும்தான் தம்பி." கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம்.

அவர் போனதும் தண்ணீர்ப் பானையடியிலிருந்து ஒரு தேரை எட்டிப் பார்த்தது. படத்தில் இருந்ததைப் போலவே இருந்தது.

"உள்ளுக்கு இரு. அவர் இன்னும் சந்தி தாண்டல்ல," என்றார் ராத்தா.

எங்களைச் சூழலின் எதிரிகள் என்று திட்ட வருபவர்களே, அந்த வயலை மீட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் ஊரிலும் தாரா மட்டும்தானா?