சத்தம் நின்ற இடுப்பு

ரூத்தின் இடுப்பு முதலில் சத்தம் போட்டது ஞாயிறு ஆராதனையில். மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தேவாலயம் சிறியது. எல்லோரும் கண்மூடி ஜெபத்தில் இருந்தபோது என் மனைவி சுவரைப் பிடித்து எழுந்தாள். கிரீச் என்றது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

நான் பள்ளிக்கூட வாத்தியார், வாய் சும்மா இராது. "உன் எலும்பு நமக்கு முந்தி ஆமென் சொல்லுது" என்றேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பினேன்.

அதற்கு எட்டு மாதம் முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், நாற்றுக்கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்திருந்தாள். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. உத்திரமேரூரில் கட்டுப் போட்டும் கூடவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பின் தலையை எடுத்துவிட்டு, அக்ரிலிக் (கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்) குமிழ் ஒன்றைப் பொருத்தினார்கள். குமிழ் இடுப்புக்குழியில் உரசிச் சத்தம் வரலாம், வந்தால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாளைக் கடத்தினேன். பள்ளியில் பரீட்சை நேரம். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். போதகர் வந்து அவள் தலையில் கைவைத்து நன்றி சொன்னார். ஊருக்கே காப்பியும் சுண்டலும் கொடுத்தோம். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து என்னைப்போல முட்டாளாக இருக்காதீர்கள்.

ஐந்து மாதம் கழித்து அவளால் பாயைவிட்டு எழ முடியவில்லை. மறுபடி பட்டணம், மறுபடி அதே டாக்டர்.

"சத்தம் எப்பம்மா நின்னுது?" என்று கேட்டார்.

"அது நிக்கல டாக்டரய்யா. காலை அழுத்தாம, சத்தம் வராத மாதிரி நடக்கக் கத்துக்கினேன்."

"வலிக்கலியா?"

"உயிர் போற வலி. சத்தம் வர்லியே, அது போதும்னு கீது எனக்கு."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

குமிழை வெளியே எடுத்து டாக்டர் காட்டினார். சப்பிப்போட்ட பெப்பர்மிண்டு மாதிரி ஒருபக்கம் தேய்ந்து, மஞ்சளாகி, அடித்தண்டில் விரிசல் விட்டிருந்தது. தேய்ந்த தூள் சுற்றியிருந்த எலும்பையும் அரித்திருந்தது. இப்போது உலோகக் குமிழ் வந்திருக்கிறது, வழவழப்பாக மெருகேற்றியது, இவ்வளவு தேயாது என்றார். முன்பே வந்திருந்தால் எலும்பு பலமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

உலோகத்தைப் பொருத்தினார்கள். ஆறாம் நாள் உடம்பு கொதித்தது. "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இன்னாங்க, ஒண்ணுமில்ல. நீங்க போய் நாஷ்டா துன்னுட்டு வாங்க."

அன்றுதான் முதன்முறையாக அவளை நம்பவில்லை. போர்வையை விலக்கினேன். கட்டு முழுக்க சீழ்.

அப்புறம் மறைக்க எதுவும் இல்லை. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபடியே இருந்தேன். மூன்று நாள்தான் இருந்தாள். பதினோரு வருடக் குடித்தனத்தில் நான் அவள் புருஷனாக இருந்தது அந்த மூன்று நாள்தான்.